பிரெஞ்சில் நூறு வரை எண்ணத் தெரியும், ஆனால் கடைக்காரர் சொல்லும் விலை புரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசில் லா ஷப்பெல் பக்கம் ஒரு மளிகைக் கடையில் இரண்டு வருஷம் கல்லாவில் நின்றிருக்கிறேன். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அந்த இடத்தில் பிரெஞ்சு எண்களைத் தப்பாகச் சொல்லி, தப்பாகக் கேட்டு, சில்லறையைக் கூடக் கொடுத்து, கையிலிருந்து கட்டித்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃஸ்' என்று எழுதியிருக்கும் இடத்தில் வண்டு ரீங்காரமிடுகிற மாதிரி ஒலிக்க வேண்டும், வெறும் 'ஸ்' என்றால் பாம்பு சீறுகிற மாதிரி. தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு பிரெஞ்சு கற்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்ட இது போதும்.

ஒன்று முதல் நூறு வரை மனப்பாடம். அப்புறமும் கடையில் சொல்வது ஏன் புரிவதில்லை?

வரிசையாகப் படித்ததால்தான். அன், தெ, த்ருவா, காத்ர், ஸேங்க், ஸீஸ், ஸெத், உயித், நெஃப், தீஸ் என்று பாட்டு மாதிரி ஓடும், நடுவில் ஒருவர் நிறுத்தி "உயித் என்றால் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து விரல் விட்டால்தான் வரும். இது எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஆனால் பிரெஞ்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பேச்சில் எண் தனியாக வராது, எரோ (யூரோவை அப்படித்தான் சொல்வார்கள்), மணி, வயது, கிலோ என்று எதையாவது ஒட்டிக்கொண்டே வரும், ஒட்டும்போது தன் வாலை வெட்டிக்கொள்ளும் அல்லது புது வால் முளைக்கும். நீங்கள் மனப்பாடம் செய்தது தனி எண்ணை; காதில் விழுவது ஒட்டிய எண்ணை. இரண்டும் வேறு வேறு ஒலிகள்.

ஒரே எண்ணை மூன்று விதமாகச் சொல்கிறார்களே, எது சரி?

மூன்றும் சரி. ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சொன்னால் 'ஸீஸ்'. பின்னால் மெய்யெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் வால் போய்விடும்: ஆறு கிலோ என்பது 'ஸீ கிலோ'. உயிரெழுத்து வந்தால் வண்டு வந்துவிடும்: ஆறு யூரோ 'ஸீஃஸெரோ'. பத்தும் அச்சு அசலாக இப்படித்தான்: தீஸ், தீ கிலோ, தீஃஸெரோ. எட்டு தனியாக 'உயித்', கிலோவுக்கு முன்னால் 'உயி'. ஒன்பது பெரும்பாலும் 'நெஃப்', ஆனால் மணிக்கும் வயதுக்கும் முன்னால் மட்டும் 'நெவ்' ஆகிவிடும், ஒன்பது மணி 'நெவெர்', ஒன்பது வயது 'நெவான்'.

இருபதின் குறும்பு தனி. தனியாக 'வேன்'தான், கடைசி 'த்' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. இருபது யூரோ என்றால் 'வேன்தெரோ' என்று அந்த 'த்' எழுந்து வரும். இருபத்திரண்டு முதல் இருபத்தொன்பது வரை, பின்னால் என்ன வந்தாலும் 'வேந்த்-' என்று அது ஒலிக்கும். ஆனால் எண்பதுகளில், தொண்ணூறுகளில் அதே 'வேன்' வந்தாலும் 'த்' வராது. 22 'வேந்த்-தெ', 82 'காத்ர்-வேன்-தெ'. கூட்டத்தில் முதல் பாதி காதில் விழாமல் போனாலும், 'த்' கேட்டதா இல்லையா என்பதை வைத்தே இருபதுகளா எண்பதுகளா என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, கல்லாவில் நின்று ஆறு மாதம் கழித்துத் தானாகப் பிடிபட்டது.

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். மூன்று முப்பது ஆவதும், ஆறு அறுபது ஆவதும், நான்கு நானூறு ஆவதும் நமக்குப் பழகியவைதானே. வெளியிலிருந்து வந்து தமிழ் படிக்கிறவரிடம் போய்க் கேளுங்கள், அவர் அழுவார்.

பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்களா, இரண்டு மணிக்கா?

இந்தக் கேள்விக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். ஒரு அலுவலகத்திலிருந்து போனில் நேரம் சொன்னார்கள், 'தூஃஸெர் த்ராந்த்'. நான் கேட்டது 'தெஃஸெர் த்ராந்த்'. அவர்கள் சொன்னது பன்னிரண்டரை, நான் போய் நின்றது இரண்டரை. வேறொரு நாள் குறித்துத் தர மூன்று வாரம் ஆனது.

பன்னிரண்டு 'தூஃஸ்', இரண்டு 'தெ'. தனித்தனியாக யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் இரண்டுக்குப் பின்னால் மணியோ யூரோவோ வந்தால் ஒரு வண்டு ஒட்டிக்கொள்கிறதே, அங்கேதான் வினை. தெஃஸெர், தூஃஸெர். நடுவில் இருக்கும் அந்த ஒரே உயிர் ஒலிதான் வித்தியாசம், அதிலும் 'தெ'வுக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்கிற மாதிரி ஓர் ஒலி, தமிழில் கிடையாது. இதே மாதிரி இன்னும் இரண்டு ஜோடி இருக்கின்றன: மூன்று மணி 'த்ருவாஃஸெர்', பதின்மூன்று மணி 'த்ரேஃஸெர்', ஆறு மணி 'ஸீஃஸெர்', பதினாறு மணி 'ஸேஃஸெர்'. பதினாறு மணி என்றால் மாலை நான்கு, அதை ஆறு என்று கேட்டுப் போனால் கதவு பூட்டியிருக்கும்.

தப்பிக்க வழி: கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள். நீங்களும் அதே மங்கலான ஒலியைத்தான் எழுப்புவீர்கள், அவரும் "ஆமாம்" என்பார். வேறு விதமாகத் திருப்பிக் கேளுங்கள். இரண்டு மணியா என்று சந்தேகம் வந்தால் "காதோர்ஃஸ் எர்?" அதாவது பதினான்கு மணியா என்று கேளுங்கள். பன்னிரண்டா என்று சந்தேகம் வந்தால் "மிதி?" என்று கேளுங்கள், நண்பகலுக்கு அதுதான் சொல், வேறு எதோடும் குழம்பாது.

எழுபது 'அறுபது-பத்து', எண்பது 'நாலு-இருபது', தொண்ணூறு 'நாலு-இருபது-பத்து'. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டா பேசுகிறார்கள்?

யாரும் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 'தொண்ணூறு' என்று சொல்லும்போது அதற்குள் 'நூறு' உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்' இருக்கிறது. இருநூறு என்றால் இரண்டு நூறு, ஆனால் தொண்ணூறு என்றால் நூறுகூட இல்லை. இதைச் சொல்லும்போது எந்தத் தமிழரும் குழம்பி நின்றது கிடையாது, ஏனென்றால் நமக்கு அது கணக்கு இல்லை, ஒரு பெயர். பிரெஞ்சுக்காரருக்குக் 'காத்ர்-வேன்-தீஸ்' அப்படித்தான். நாலு, இருபது, பத்து என்று உடைத்துப் பார்ப்பது இலக்கண வகுப்பில் மட்டும்தான். ஒரே மூச்சில் ஒரு சொல்லாகச் சொல்லிப் பழகுங்கள், அது தொண்ணூறு, அவ்வளவுதான்.

இருபதை வைத்து எண்ணும் வழக்கம் பழைய பிரெஞ்சில் இன்னும் அதிகமாக இருந்தது. மூன்று இருபது, ஆறு இருபது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அதன் மிச்சம் ஒன்று பாரிசில் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது: பஸ்தீயிக்குப் பக்கத்தில் உள்ள கண் மருத்துவமனையின் பெயர் 'கேன்ஃஸ்-வேன்', பதினைந்து இருபதுகள். முன்னூறு பார்வையற்றவர்களுக்காக 1260 வாக்கில் அரசர் ஒன்பதாம் லூயி தொடங்கிவைத்த இல்லம் அது. பதினைந்தை இருபதால் பெருக்கிப் பாருங்கள்.

நடைமுறைக்கு வேண்டியது இவ்வளவுதான். எழுபதுகளில் அறுபதோடு பத்து முதல் பத்தொன்பது வரை சேர்ந்துகொண்டே போகும்: 72 'ஸுவாஸாந்த்-தூஃஸ்', 75 'ஸுவாஸாந்த்-கேன்ஃஸ்'. தொண்ணூறுகளும் அப்படியே, 95 'காத்ர்-வேன்-கேன்ஃஸ்'. ஆக, பதினொன்று முதல் பத்தொன்பது வரை உங்களுக்குத் தூக்கத்திலும் வர வேண்டும், ஏனென்றால் அவை மூன்று இடத்தில் வேலை செய்கின்றன. 21, 31 என்று 61 வரையும், அப்புறம் 71-லும் நடுவில் 'உம்' என்ற பொருளில் ஒரு 'ஏ' வரும், 81-லும் 91-லும் வராது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பெல்ஜியத்தில் வேறு மாதிரி சொல்கிறார்களாமே? அதையே நானும் சொல்லலாமா?

பெல்ஜியத்தில் எழுபது 'ஸெப்தாந்த்', தொண்ணூறு 'நோனாந்த்'. பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்திலும் அப்படியே. எண்பதுக்குத்தான் வேறுபாடு: பெல்ஜியத்தில் பாரிஸ் மாதிரியே 'காத்ர்-வேன்', சுவிசில் வோ, வலே, ஃப்ரிபூர் மாநிலங்களில் 'உயிதாந்த்', ஆனால் ஜெனீவாவில் மறுபடியும் 'காத்ர்-வேன்'. பெல்ஜியம் ஆண்ட காங்கோவிலும் 'ஸெப்தாந்த்', 'நோனாந்த்' உண்டு, அதனால் பாரிசில் காங்கோக்காரர் ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கியூபெக்கில் பிரான்ஸ் மாதிரியேதான்.

பாரிசில் நீங்கள் 'ஸெப்தாந்த்' என்றால் புரியும், கொஞ்சம் சிரிப்பார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் திருப்பிச் சொல்லும்போது 'ஸுவாஸாந்த்-தீஸ்' என்றுதான் வரும், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. பிரசல்சில் குடியேறுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

24-ஐயும் 80-ஐயும் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். 105-ஐயும் 500-ஐயும் கூட.

தமிழை நினைத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது. நானூறு, நூற்று நாலு. சின்ன எண் முன்னால் வந்தால் பெருக்கல், பின்னால் வந்தால் கூட்டல். பிரெஞ்சிலும் இதே விதிதான். 'காத்ர்-வேன்' நாலு முன்னால், அதனால் எண்பது. 'வேந்த்-காத்ர்' நாலு பின்னால், அதனால் இருபத்து நாலு. 'ஸேங்க் ஸான்' ஐந்நூறு, 'ஸான் ஸேங்க்' நூற்றைந்து. ஐந்துக்கும் நூறுக்கும் உள்ள மூக்கொலி வேறுபாட்டை மட்டும் காதுக்குப் பழக்க வேண்டும், ஐந்தில் வாய் பக்கவாட்டில் விரியும், நூறில் கீழே திறக்கும்.

போன் நம்பர் சொன்னால் எழுத முடியவில்லை. இதற்கு வழியே இல்லையா?

பிரெஞ்சு எண்களில் கடைசிப் பரீட்சை இதுதான், முதல் நாளே வந்துவிடுகிறது. 1996 அக்டோபரிலிருந்து பிரான்சில் போன் எண்கள் பத்து இலக்கம். அதை நம்மைப் போல ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டார்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து எண்களாகச் சொல்வார்கள். முதல் ஜோடி சுலபம்: கைப்பேசி என்றால் 06 அல்லது 07, பாரிஸ் சுற்றுவட்டார வீட்டு எண் என்றால் பெரும்பாலும் 01, தென்கிழக்கு என்றால் பெரும்பாலும் 04. சுழியம் 'ஃஸெரோ', அடுத்தது 'ஸீஸ்' அல்லது 'ஸெத்', மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அப்புறம்தான் இருக்கிறது. 'ஸுவாஸாந்த்' என்று காதில் விழுந்ததும் கை தானாக 6 எழுதும், அதற்குள் 'தீஸ்-உயித்' என்று முடிப்பார், 6-ஐ அடித்து 78 எழுதுவதற்குள் அடுத்த ஜோடி போயிருக்கும். 'காத்ர்-வேன்-தூஃஸ்' இன்னும் மோசம், 4 எழுதி, அடித்து, 8 எழுதி, அடித்து, கடைசியில் 92.

இதற்கு ஒரே தந்திரம் பேனாவை அடக்குவது. 'ஸுவாஸாந்த்' கேட்டாலும் 'காத்ர்' கேட்டாலும் எழுதாதீர்கள். ஜோடி முழுவதும் முடியும்வரை காத்திருந்து, ஒலியை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டி, பிறகு எழுதுங்கள். சொல்கிறவர் ஜோடிக்கு ஜோடி சின்னதாக ஓர் இடைவெளி விடுவார், அந்த இடைவெளியில்தான் எழுத வேண்டும். தலை சுற்றினால் "ஷீஃப்ர் பார் ஷீஃப்ர்" என்று கேட்கலாம், இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்கள் சொல்லும்போது ஒவ்வொன்றாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் திணறுவார், அதையும் எதிர்பாருங்கள். அவர் காது ஜோடிக்குத்தான் பழகியிருக்கிறது. உங்கள் சொந்த எண்ணை மட்டுமாவது ஜோடியாக மனப்பாடம் செய்துவிடுங்கள், வாரத்துக்கு மூன்று இடத்தில் கேட்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து அழைக்க முன்னால் 33 சேர்த்து, முதல் சுழியத்தை விட்டுவிட வேண்டும். ஆபத்துக்கு 15 மருத்துவ உதவி, 17 போலீஸ், 18 தீயணைப்பு, இவை போக எதற்கும் 112.

காலே அரைக்கால் எல்லாம் உண்டா? நேரம் எப்படிச் சொல்வது?

பேச்சில் கால், அரை உண்டு. மூன்றே கால் 'த்ருவாஃஸெர் ஏ கார்', மூன்றரை 'த்ருவாஃஸெர் ஏ தமி'. முக்கால்தான் நமக்கு உதைக்கும். நாம் மூன்றே முக்கால் என்று தாண்டிய மணியைப் பார்க்கிறோம். அவர்கள் வரப்போகும் மணியைப் பார்த்து, நாலு மணி கழித்தல் கால், 'காத்ர் எர் முவேன் ல கார்' என்பார்கள். பாதி கேட்டுவிட்டு நாலு மணி என்று ஓடாதீர்கள், வாக்கியத்தின் வால் வரும்வரை நில்லுங்கள். ரயில் நிலையத்திலும் அலுவலகத்திலும் 24 மணிக் கணக்கு, அங்கே கால் அரை சொல்வதில்லை, 15:45 என்றால் பதினைந்து மணி நாற்பத்தைந்து என்று நேராகச் சொல்வார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வேடிக்கை. 'உயி ஜூர்', எட்டு நாள், என்றால் ஒரு வாரம். 'கேன்ஃஸ் ஜூர்', பதினைந்து நாள், என்றால் இரண்டு வாரம். இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். திங்கட்கிழமை ஒருவர் எட்டு நாளில் வா என்றால் அடுத்த திங்கட்கிழமை, செவ்வாய் அல்ல.

சம்பளம், வீட்டு விலை பேசும்போது லட்சம், கோடியை எப்படி மாற்றுவது?

லட்சத்துக்குத் தனிச் சொல் இல்லை, 'ஸான் மீல்', நூறாயிரம். பத்து லட்சம் ஒரு மில்லியோன், கோடி பத்து மில்லியோன். நூறு கோடி 'மில்லியார்'. இங்கே ஒரு குழி இருக்கிறது: ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் நூறு கோடி, பிரெஞ்சில் 'பில்லியோன்' என்றால் லட்சம் கோடி. செய்தி படிக்கும்போது ஆயிரம் மடங்கு தப்பு வரும்.

எழுதும்போது தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 3,50 என்றால் மூன்றரை யூரோ. ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடாமல் இடைவெளி விடுவார்கள். கையெழுத்தில் ஒன்றுக்கு மேலே நீண்ட ஒரு கொண்டை போடுவார்கள், பார்க்க ஏழு மாதிரியே இருக்கும். அவர்கள் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. கோடு இல்லையென்றால் ஒன்று.

சந்தையில் பேரம் பேச என்ன தெரிய வேண்டும்?

பேரமே கிடையாது, முதலில் அதை மறந்துவிடுங்கள். சந்தை மூடும் நேரத்தில் அவர்களாகவே விலையை இறக்கிக் கூவுவார்கள். விலை சொல்லும்போது 'யூரோ' நடுவில் வரும் அல்லது வராமலே போகும்: பன்னிரண்டு ஐம்பது என்றால் 12,50. அரைக் கிலோவுக்கு 'லீவ்ர்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 'தமி-லீவ்ர்' என்றால் கால் கிலோ. தோராயத்துக்கு எண்ணின் கடைசியில் 'ஏன்' சேர்ப்பார்கள்: 'தீஃஸேன்' பத்துப் பேர் போல, 'வேன்தேன்' இருபது பேர் போல. 'தூஃஸேன்' மட்டும் முட்டை வாங்கும்போது சரியாகப் பன்னிரண்டு. இளவட்டங்கள் யூரோவைப் 'பால்' என்பார்கள், பிராங்க் காலத்திலிருந்து வந்த பேச்சு, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விரலில் காட்டுகிறவர்கள் கவனிக்கவும். அங்கே ஒன்று என்பது கட்டைவிரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நீட்டியிருந்தால் இரண்டு. ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி கேட்டு இரண்டு வாங்கி வந்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

வயது சொல்லும்போது ஏன் திருத்துகிறார்கள்?

ஆங்கிலம் வழியாக யோசித்து 'நான் முப்பது' என்று சொல்லியிருப்பீர்கள். பிரெஞ்சில் வயது நம்மிடம் இருப்பது: 'ஜெ த்ராந்தான்', என்னிடம் முப்பது வருஷம் இருக்கிறது. 'எனக்கு முப்பது வயசு' என்பதுக்கு இதுதான் பக்கம். கடைசியில் வரும் 'ஆன்' என்ற வருஷத்தை விழுங்கிவிடக் கூடாது, விட்டால் முப்பது என்ன என்று கேட்பார்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது?

வரிசையை உடையுங்கள். தெருவில் நடக்கும்போது கார் நம்பர் பலகைகளைப் படியுங்கள், இப்போதைய பலகைகளில் நடுவில் மூன்று இலக்கம் இருக்கும், 'எழுநூற்றுத் தொண்ணூற்றாறு' மாதிரி எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கடை ரசீதை வீட்டுக்கு வந்து சத்தமாகப் படியுங்கள், கட்டாயம் 'எரோ' சேர்த்து. பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிக நேரம் கொடுங்கள்: வானொலியில் வானிலை சொல்லும்போது ஊர் ஊராக வெப்பநிலை வரும், எழுதிப் பாருங்கள். கல்லாவில் திரையைப் பார்க்காமல் விலையைக் கேட்டு, கையில் காசை எடுத்துவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள். இதை ஒரு மாதம் செய்தால் போதும், சத்தியமாக. அட்டையைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் இரண்டு வருஷமானாலும் எண் வருவதில்லை.

'தொண்ணூற்று மூன்று'க்கு ஏன் 'ஒன்பது-மூன்று' என்கிறார்கள்?

அது மாவட்டத்தின் எண். பிரான்சில் மாவட்டங்களுக்கு எண் உண்டு, பாரிஸ் 75, அதற்கு வடகிழக்கில் ஒட்டியிருக்கும் ஸேன்-ஸேன்-தெனி 93. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் லா கூர்நெவ் அதில்தான் இருக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் 'காத்ர்-வேன்-த்ரேஃஸ்' என்று நீட்டி முழக்காமல் 'நெஃப்-த்ருவா' என்று வெட்டிவிட்டார்கள், அதுவே பெயராக நின்றுவிட்டது. ஆக, 'காத்ர்-வேன்' நீளமாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்வது நீங்கள் மட்டும் இல்லை.